மாடிவாசியும் மின்மோட்டாரும்

1925 முதல் 1961 வரை மின்சார டிராலி பஸ் ஓடிய ஜார்ஜ் டவுனில், இன்று மின்மோட்டார் வைத்திருக்கும் அடுக்குமாடிவாசி, வண்டிக்கு மின்னேற்றக் கமிட்டியார்முன் கைகட்டி நிற்கவேண்டியிருக்கின்றது! தனிவீட்டுக் கனவானுக்கோ எவர் உத்தரவும் வேண்டியதில்லை. இரவில் வீட்டு மின்சாரத்திலேயே ஏற்றிக்கொள்கிறார். மாடிவாசி பொது நிலையத்தைத் தேடிப்போய் அதிக விலை கொடுக்கிறார்.

"சிலர் வண்டிக்கு எல்லோர் பணமா?" என்கிறார்கள் கமிட்டியார். லிப்டில் ஏறாத கீழ்த்தளத்துக்காரர் லிப்டுக்குப் பணம் கட்டவில்லையா? கம்பிப்பாதையை ஒரே முறை பொதுவில் அமைத்துவிட்டால், பிறகு அவரவர் மீட்டர், அவரவர் காசு.

"கட்டடம் தாங்காது" என்பது அடுத்த சாக்கு. 7 கிலோவாட் பெட்டிகள் இருபது ஒரே நேரத்தில் முழுவேகத்தில் இழுத்தால், 140 கிலோவாட்; பழைய கட்டடம் திணறும்தான். ஆனால் விடியும்வரை சும்மா நிற்கும் வண்டிகளுக்கு, இருக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டளிக்கும் கருவி எப்போதோ வந்துவிட்டது. தீப்பிடிக்குமாம்! ஜன்னல் வழியே தொங்கவிடும் திருட்டுக் கம்பிக்கன்றோ அஞ்சவேண்டும்? அதற்கு வழி செய்வதும் இவர்கள் மறுப்பே.

ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், மாடிவீட்டுச் சொந்தக்காரர் மின்னேற்றி கேட்டால், எப்படி அமைப்பதென்று சங்கத்தார் தீர்மானிக்கலாமேயொழிய, கூடாதென்று மறுப்பதற்கில்லை. இங்கே 2013-இல் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இயற்றியவர்கள் அவ்வுரிமையை எழுதிவைக்கவில்லை. ஆகையால் தோழர்களே, அடுத்த வருஷாந்தரக் கூட்டத்தில் இதையே முதல் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எவரெவர் கை உயரவில்லை என்று பார்த்துவிடுவோம்.