கை சரிதான், அம்மா!

திருவேற்காட்டு வாசகி ஒருவருக்கு மகளைப் பற்றிக் கவலை. துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகும் அந்தப் பெண்ணின் குண்டுகள் ஐந்தும் இடப்பக்கமாகவே, ஒன்றையொன்று ஒட்டி விழுகின்றனவாம். "இவளுக்கு இது வராதோ?" என்கிறார்.

பேஷாக வரும், அம்மா! ஐந்தும் ஓரிடத்தில் விழுந்தால் கை உறுதி என்று பொருள். பயிற்சியாளர் அதே துப்பாக்கியால் சுட்டுப் பார்க்கட்டும். அவர் குண்டும் இடப்பக்கமே போனால், கோளாறு மேலே பொருத்திய தொலைநோக்கியில்.

குழல் கீழே, தொலைநோக்கி மேலே. குறித்த தூரத்தில் குண்டு விழும் இடமும் பார்வை விழும் இடமும் ஒன்றாகும்படி செய்வதுதான் 'ஸீரோ' செய்வது. மேல் திருகு ஏற்ற இறக்கத்துக்கு. பக்கத் திருகு இட வலத்துக்கு. திருகினால் குழல் அசையாது. உள்ளேயுள்ள குறுக்குக் கோடுதான் நகரும். பல தொலைநோக்கிகளில் ஒரு 'டிக்' என்பது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அதில் பாதி. ஆக, 50 மீட்டரில் 35 மில்லிமீட்டர் விலகினால் வலப்பக்கம் 10 'டிக்'. ஒற்றைக் குண்டை நம்பித் திருகை முறுக்க வேண்டாம். ஐந்தின் நடுவை அளக்க வேண்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றாரே, அந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கியே கிடையாது. துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்தத் துளைக்கும் திருகுகள் உண்டு. இலக்கின் நடுப்புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்!