அட்வான்ஸ் கரையும் வரை
வாடகை பாக்கிக்காக முதன்முறையாகக் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரரை நாம் உடனே கல்நெஞ்சுக்காரர் ஆக்கிவிடுகிறோம். அவர் பல சமயம் மாடி வாடகையை நம்பி வீட்டுக்கடன் கட்டுகிறவர் என்பது இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அவருடைய கடுமை அல்ல, அதற்கு முந்தைய தாமதம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம்தான் அதை வளர்த்தது. வாடகை நின்றால், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று இருதரப்பும் வாய் திறக்காது. அது கரைந்து முடியும்போது குடியிருப்பவர் கையில் அடுத்த வீட்டுக்கான முன்பணம்கூட இருக்காது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு கட்டியது. இரண்டு மாத பாக்கி விழுந்தாலே வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. வழக்கு இழுத்தால் மூன்று மாதப் பணம் எந்த மூலைக்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நம் நீதிமன்றங்களின் வேகம் தெரிந்ததே. ஆனால் அதற்கு மருந்து விரைவான தீர்ப்பே தவிர, அடுத்தவர் சேமிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதல்ல. எட்டு மாதம் பொறுத்துவிட்டு ஒரே நாளில் பூட்டுப் போடுகிறவரைவிட, இரண்டாம் மாதமே எழுத்தில் நோட்டீஸ் கொடுப்பவர் மேல். அவர் தரும் அவகாசத்தில் கைமாற்று வாங்கியாவது பாக்கியை அடைக்கலாம். முடியாவிட்டால் மிச்சமிருக்கும் அட்வான்ஸோடு சின்ன வீடாகப் பார்க்கலாம்.