வாசகர் கேள்வி: அப்பா விட்டுப்போன துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா வாங்குவது?

"தாளவாடி மலையில் நாலு ஏக்கர் மக்காச்சோளமும் ராகியும் போட்டிருக்கிறோம். அப்பாவிடம் லைசென்ஸுடன் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அவர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. துப்பாக்கி தோல் உறைக்குள் பரண் மேல் கிடக்கிறது. பழைய அட்டைத் தோட்டா ஒரு டஜனும் இருக்கிறது. இந்தப் போகத்தில் பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. என் மச்சான் தன்னிடமிருந்த தோட்டா ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். அளவாக உட்கார்ந்தது. அதையே பயன்படுத்தலாமா, வேறு வாங்க வேண்டுமா?"
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்)

கேள்வி தோட்டாவைப் பற்றியது. ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கி உரிமம் ஆளின் பெயரில் கொடுக்கப்படுவது. உரிமம் பெற்றவர் காலமானால், அந்த உரிமத்தைக் காட்டி வீட்டில் வேறு யாரும் துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அப்படிப்பட்ட துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். எட்டு மாதம் ஆகிவிட்டதே, இப்போது போனால் கேஸ் போடுவார்களோ என்று பயந்து பரணிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. தானாகப் போய் ஒப்படைப்பதற்கும், சோதனையில் அகப்படுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லிவிட்டு, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, உரிமப் புத்தகம், இறப்புச் சான்று, தாமதத்துக்கான காரணம் எழுதிய கடிதம் ஆகியவற்றுடன் போக வேண்டும். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், காலமானவரின் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் கொடுக்க வழி வைத்திருக்கின்றன. வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதமும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் கேட்பார்கள். (அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்திருந்தாலோ, அவரே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் செய்யலாம். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பல குடும்பங்கள் பின்னால் அலைகின்றன.) உரிமம் கைக்கு வரும்வரை மச்சானின் தோட்டாவைக் கையால்கூடத் தொடக் கூடாது. உரிமம் இல்லாதவருக்குத் தோட்டா கொடுத்தால் கொடுத்தவர் மேலும் குற்றம் சேரும்.

இனி தோட்டா. கடிதத்தில் கவலைப்பட வைப்பது, "அளவாக உட்கார்ந்தது" என்ற வார்த்தைதான். துப்பாக்கியில் தோட்டா உட்கார்வதை வைத்து அது பொருந்தும் என்று முடிவு கட்டவே கூடாது.

12 போர் என்பது குழலின் அகலத்தைக் குறிப்பது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை என்ன அகலம் வருமோ அதுதான் 12 போர், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். இதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சின்னதாகிறது. அகலம் ஒன்றாக இருந்தாலும் தோட்டா உட்காரும் அறையின் நீளம் எல்லாத் துப்பாக்கியிலும் ஒன்று கிடையாது. பழைய இங்கிலாந்து துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். பின்னால் வந்தவற்றில் 70. சிலவற்றில் 76.

தோட்டா டப்பாவில் 70 என்று போட்டிருந்தால், அது வெடித்து வாய் விரிந்த பிறகு கூட்டுக்கு இருக்கும் நீளம். வெடிப்பதற்கு முன் கூட்டின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் தோட்டா 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 70 மில்லிமீட்டர் தோட்டா, 65 மில்லிமீட்டர் அறைக்குள் சுலபமாக நுழையும், துப்பாக்கியும் தடையில்லாமல் மூடிக்கொள்ளும். விசையை இழுத்ததும்தான் வினை. மடிந்த வாய் விரிய இடம் இல்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கிறது. ரவையும் அடைப்பானும் அந்தச் சந்தில் நெரிந்து போக வேண்டியிருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. துப்பாக்கி அன்றைக்கே உடைந்துவிடும் என்று சொல்ல முடியாது. பத்து முறை தாங்கிவிட்டு, பூட்டு தளர்ந்து, பதினோராவது முறையில் கையைப் பதம் பார்க்கலாம். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதால் வரும் தைரியம்தான் ஆபத்து.

சரியான அளவைக் கண்டுபிடிக்க, துப்பாக்கியை மடித்து முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தால் அடிப்பக்கத்தில் முத்திரைகள் தெரியும். போர் எண், பல துப்பாக்கிகளில் அறையின் நீளம், லண்டனிலோ பர்மிங்காமிலோ சோதித்த அடையாளம் ஆகியவை அங்கே இருக்கும். நீளம் பொறித்திருக்காவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லிவிடுவார். அறை 65 என்றால் 65 தோட்டா மட்டுமே. அறை நீளமாக இருந்து தோட்டா குட்டையாக இருந்தால் பாதகமில்லை. புனே பக்கம் கட்கி தொழிற்சாலையில் செய்யும் சக்திமான் ஆனாலும் வெளிநாட்டுச் சரக்கு ஆனாலும், டப்பாவில் உள்ள நீளத்தைப் படித்துவிட்டே காசு கொடுக்க வேண்டும்.

குழலின் மேல் பாம்புத் தோல் போலவோ மரத்தின் ரேகை போலவோ வளைவு வளைவான கோலம் தெரிந்தால் அதைச் சுடாமல் நிறுத்திவைக்க வேண்டும். இரும்பும் எஃகும் கம்பிகளாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த பழங்காலக் குழல் அது. பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்தில் செய்தவை. இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு அதை நம்ப முடியாது. மெக்கானிக் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடக் கூடாது.

பரணில் உள்ள அட்டைத் தோட்டாக்களைத் துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படைத்துவிடுவதே சரி. மழைக்காலங்களில் அட்டை ஊறிப் பருத்திருக்கும், மருந்து வலுவிழந்திருக்கும். அப்படிப்பட்ட தோட்டா பாதி வெடித்து அடைப்பான் குழலுக்குள்ளேயே நின்றுவிடுவது உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தால் அடுத்த தோட்டாவைப் போடாமல், துப்பாக்கியை மடித்துக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே அரை நிமிடம் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும். 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். பல நாடுகளில் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

ரவையின் அளவைப் பொறுத்தவரை எண் பெரிதானால் ரவை சின்னது. 6-ஆம் எண் ரவை 200 மீட்டரைத் தாண்டியும் விழும். எஸ்.ஜி. போன்ற பெரிய ரவை 500 மீட்டருக்கு மேலும் போகும். மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய சாளை இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சுடக் கூடாது.

பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர் உத்தரவிட்டால் உரிமதாரர் சுடலாம் என்ற ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் 2025-இல் அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவதும் வனத்துறையினரின் வேலை. தாளவாடியில் காட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் தோட்டம் எத்தனை என்பது விவசாயிகளுக்கே தெரியும். இந்தப் போகத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பயிர்ச்சேத இழப்பீடு கேட்பதுதான் வாசகர் முன்னால் உள்ள வழி.

"தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்தபோது குழலில் துரு. தேங்காய் எண்ணெய் போடலாமா?"
(வாசகர், கொடைக்கானல் மலை)

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானல் குளிரில் அது ஊசியையும் ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொள்ளும், நாளானால் சிக்குப் பிடித்துப் பிசினாகும். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் போதும், அதுவும் துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுக்குத்தான். அதிகம் ஊற்றினால் எண்ணெய் வழிந்து கட்டை மரத்தில் இறங்கி மரத்தை மெதுவாக்கிவிடும். வாயைக் கீழே பார்த்து நிறுத்திவைப்பவர்கள் இதனால்தான் அப்படி வைக்கிறார்கள்.

மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட பித்தளைத் தூரிகையால் அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளி எடுக்கலாம். உப்புத்தாள் ஆகாது. குழிவிழுந்த துரு என்றால் மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன் சுடக் கூடாது. திரும்பி வந்த துப்பாக்கியில் முதல் வேலை, குழலுக்குள் பார்ப்பது. ஸ்டேஷன் மூலையில் இரண்டு மாதம் நின்ற குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது ஆச்சரியமில்லை. ஒரு விரல் அளவு மண் போதும், குழல் வாய் பிளந்துவிடும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் அது தூக்கிப்போக மட்டுமே. வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கியும், வேறு பூட்டில் தோட்டாவும் இருக்க வேண்டும்.

"தோட்டக் காவலுக்கு இருக்கும் ஆளிடம் இரவில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா? குழல் நீளமாக இருப்பதால் அறுத்துக் குட்டையாக்கலாமா?"
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

இரண்டுமே கூடாது. உரிமதாரர் உடனிருக்கும்போது, அல்லது ரிப்பேருக்கும் உரிமம் புதுப்பிக்கவும் அவர் எழுதிக்கொடுத்த கடிதத்துடன், இன்னொருவர் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. காவல் வேலை அதில் வராது. குழலைக் குட்டையாக்குவதற்கே தனி உரிமம் வேண்டும். அறுத்த துப்பாக்கியோடு பிடிபட்டால் பயிர்க் காவலுக்கு என்று சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். ஊசி, ஸ்பிரிங் போன்ற உதிரிப் பாகங்களும் உரிமம் பெற்ற கடையில்தான் மாற்ற வேண்டும். லேத் பட்டறையில் கடைந்து போட்ட ஊசி நீளம் கூடினால், மூடும்போதே தோட்டா வெடிக்கும்.