மகள் சம்பளத்துக்குத் துடிக்காத மீசை

மேற்கில் ஆண்மை தனியாளின் வீரம், ஆசியாவில் அது குடும்ப மானம் என்கிறார்கள். எந்தக் குடும்பம், எதில் மானம் என்று கேட்பதில்லை.

2018 நவம்பரில் ஓசூர் பக்கத்துச் சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த நந்தீஷ், சுவாதி இணையரின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடந்தன. நந்தீஷ் தலித், சுவாதி வன்னியர். சுவாதியின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். நந்தீஷ் உடுத்தியிருந்த பனியனில் அம்பேத்கர் படம் இருந்தது. துப்புக் கொடுத்ததும் அதுதான்.

சிப்காட் வேலைக்கு மகளை அனுப்பிச் சம்பளத்தை வாங்கிக்கொள்ளும்போது துடிக்காத மீசை, அவளே துணையைத் தேடிக்கொண்டால் மட்டும் துடிக்கிறது. அதாவது இங்கே ஆண்மை என்பது சாதிக்குக் காவல் நிற்கும் வேலை. பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்று பெரியார் எழுதினார். அதை மேடையில் முழங்கும் தோழர்களே, உங்கள் தங்கைக்கு வரன் பார்த்தபோது முதலில் என்ன விசாரித்தீர்கள்?