கை லேசாக அசைந்தால் குற்றமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் சொல்லும் புகார் இது: "போட்டோவைத் திறக்கத்தான் கிளிக் செய்தேன். அது பக்கத்து ஆல்பத்துக்குள் போய் விட்டது!" உடனே வீட்டுப் பிள்ளைகள், "உங்களுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியவில்லை" என்று சிரிப்பார்கள். நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். இதில் குற்றம் உங்கள் கையில் இல்லை, புரோகிராமரிடம்தான் என்பேன்.

மவுஸை நகர்த்தினால், விண்டோஸ் அந்த புரோகிராமுக்கு 'மவுஸ் மூவ்' என்ற மெசேஜை அனுப்பும். பட்டனை அழுத்தும்போது பாயின்டர் ஒரே ஒரு பிக்சல் நகர்ந்தாலும் இது வந்து விடும். வேடிக்கை என்னவென்றால், மவுஸ் அசையாமல் இருக்கும்போதே பாயின்டருக்குக் கீழே புதிதாக ஒரு விண்டோ திறந்தாலும் வரும்! ஆகவே, மெசேஜ் வந்ததை மட்டும் வைத்து "இழுக்கிறார்" என்று முடிவு கட்டக் கூடாது.

விண்டோஸில் இதற்கென்றே ஓர் அளவு இருக்கிறது. அழுத்திய இடத்திலிருந்து 4 பிக்சல் வரை நகர்ந்தால் அது வெறும் கை அசைவு. தாண்டினால்தான் டிராக். இந்த அளவை விண்டோஸிடம் ஒரே வரியில் கேட்டு வாங்கலாம். ஆனாலும் கேட்காமலே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில், புது மவுஸை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அறுபது வயதுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால்தானே கோளாறு புரியும்?

அந்த 4 பிக்சலே குறைவு என்பது என் கட்சி. பிக்சல்கள் நெருக்கமாக உள்ள இன்றைய திரைகளில் அது மிகச் சிறிய தூரம். விரல் பட்டனை அழுத்தும் வேகத்திலேயே தாண்டி விடும்.

புரோகிராமர்கள் திருந்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். தவறுதலாக இழுக்கத் தொடங்கி விட்டால், பட்டனை விடாமல் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். பெரும்பாலான புரோகிராம்களில் டிராக் ரத்தாகி விடும். ஃபைல் வேறு ஃபோல்டருக்குப் போய் விட்டதா? பதறாமல் உடனே கண்ட்ரோல், இசட் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள், திரும்பி வரும்.

டபுள் கிளிக் சரியாக விழவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போய் அதன் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு கிளிக்குக்கும் இடையே விண்டோஸ் வழக்கமாகத் தருவது அரை நொடிதான். அதுவும் சரிப்படாவிட்டால், ஒரு முறை கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள எந்த ஐகானும் இதற்குத் திறக்கும்.