'ஒருமுறைகூட ஓட்டாதது'

பழைய பித்தளை மாடல் ரயில் எஞ்சின்களை விற்பவர்கள் விளம்பரத்தில் ஒன்றைத் தவறாமல் சேர்ப்பார்கள்: 'ஒருமுறைகூட ஓட்டாதது'. அதற்காகவே கூடுதல் விலையும் கேட்பார்கள். எனக்கோ அதைப் படித்ததும் விலையைக் குறைத்துக் கேட்கத்தான் தோன்றும். அறுபது வருஷம் ஓடாத எஞ்சின் என்றால், அறுபது வருஷம் யாரும் அதன் அடிவயிற்றைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள்.

என்னிடம் இருப்பது 1960களில் ஜப்பானில் செய்த ஒரு மிகாடோ. ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜ எஞ்சினில் எண்பத்தேழில் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் சின்னச் சின்னப் பட்டறைகள் பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்து, வால்வையும் பம்பையும் தனித்தனியாக வார்த்து, ஈயப் பற்று வைத்து இவற்றை உருவாக்கின. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் ஊரிலிருந்து இயங்கிய பசிபிக் ஃபாஸ்ட் மெயில் போன்ற இறக்குமதியாளர்கள் அவற்றை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். டோக்கியோவின் கின்ஸாவில் 1879-ல் முத்திரை செதுக்கும் கடையாகத் தொடங்கிய டென்ஷோடோவும் இந்தத் தொழிலில் பெரிய பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகாடோ என்பது 1897-ல் பிலடெல்ஃபியாவின் பால்ட்வின் தொழிற்சாலை ஜப்பானுக்குச் செய்து அனுப்பிய எஞ்சின் வகை. அறுபது சொச்சம் வருஷம் கழித்து ஜப்பான் அதை ஒரு சாணுக்குச் சற்று அதிகமாகச் சுருக்கி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பியது!

வீட்டுக்கு வரும் பெரியவர்கள் இதைப் பார்த்ததும், "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமே?" என்பார்கள். ஆகும்தான். ஆனால் பல மாடல்களின்மேல் பட்டறையிலேயே நிறமற்ற வார்னிஷ் பூசியிருக்கும். தேய்த்தால் அது திட்டுத் திட்டாகப் போய்விடும். தலைமுடி கனத்தில் உள்ள கைப்பிடிக் கம்பிகள் பிய்ந்து வரும். குத்துவிளக்குக்கு உள்ள உரிமை இதற்குக் கிடையாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

பெட்டிக்குள் இருப்பதாலேயே எஞ்சின் பத்திரமாக இருக்கிறது என்பது பெரிய மயக்கம். அந்தக் காலத்து மஞ்சள் ஃபோம் காலப்போக்கில் உதிர்ந்து, பிசினாகி, பித்தளையோடு ஒட்டிக்கொள்ளும். சில எஞ்சின்களில் கறையாகவே தங்கிவிடும். வாங்கியதும் முதலில் தூக்கி எறிய வேண்டியது அதைத்தான். அட்டைப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். அமிலம் கலக்காத மெல்லிய தாளில் எஞ்சினைச் சுற்றி வைத்தால் போதும்.

அடுத்தது கிரீஸ். பட்டறையில் வைத்த கிரீஸ் இத்தனை வருஷத்தில் மெழுகாக இறுகியிருக்கும். இந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முக்கும், சூடாகும், நகராது. உடனே கை எண்ணெயைத் தேடும். இங்கேதான் பலரும் கெடுக்கிறார்கள். இறுகிய கிரீஸின்மேல் எண்ணெய் விட்டால் கிடைப்பது புது எண்ணெயில் ஊறிய பழைய அழுக்குதான். பழையதை முழுக்க எடுத்த பிறகுதான் புதியதற்கு இடம்.

எஞ்சினைத் தலைகீழாக மென்மையான தாங்கியில் படுக்க வைத்து, அடித்தகட்டின் ஸ்குருக்களைக் கழற்றினால் சக்கரங்கள் எல்லாம் இணைப்புக் கம்பிகளோடு ஒன்றாக மேலே வரும். அச்சுப் பெட்டிகளுக்குள் இருக்கும் கடுகளவு ஸ்பிரிங்குகளும் அதே நேரத்தில் பறக்கும். கண்ணாடிபோன்ற பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டு வேலை செய்தால் அவை பைக்குள்ளேயே விழும். ஒன்று மட்டும் கூடாது: சக்கரத்தை அச்சிலிருந்து உருவக் கூடாது. ஒரு பக்கத்துக் கிராங்க் மறுபக்கத்தைவிடக் கால் சுற்று முந்தியிருக்கும்படி கோத்திருப்பார்கள். அந்தக் கணக்கு எல்லா அச்சிலும் ஒன்றுபோல் இல்லையென்றால் எஞ்சின் நொண்டும்.

கியரை ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் பல் பல்லாகத் துடைக்க வேண்டும். அந்த ஆல்கஹால் உடற்பகுதியில் பட்டால் வார்னிஷ் கரையலாம், எச்சரிக்கை. வார்ம் கியருக்குக் குண்டூசித் தலையளவு புது கிரீஸ். அச்சுகளுக்கும் கிராங்க் பின்களுக்கும் ஊசிமுனையில் தொட்டெடுத்த மெல்லிய எண்ணெய். மோட்டாரின் இரண்டு பேரிங்கிலும் அதே அளவு. தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்து இறுகும், வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கெடுக்காதது என்று எழுதிய எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் அச்சில் கார்பன் பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டரில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் கார்பன் தூளோடு குழைந்து, செப்புத் துண்டுகளின் இடைவெளியை அடைத்துப் பொறி கிளப்பும். பல்குச்சியால் அந்த இடைவெளியைச் சுரண்டி, சுத்தமான துணியால் துடைத்தாலே பாதி மோட்டார்கள் உயிர் பெறும். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மெச்சரைக் காந்தத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். அந்தக் காலத்து ஆல்நிகோ காந்தம், நடுவில் இரும்பு இல்லாமல் நின்றாலே வலுவிழக்கும். மோட்டாரையும் கியரையும் இணைக்கும் ரப்பர் குழாய் இறுகியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பாதி இரைச்சல் அதனால்தான்.

இத்தனைக்கும் பிறகும் ஓடாவிட்டால், எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியான டெண்டரைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை ஒரு தண்டவாளத்திலிருந்து எஞ்சின் சக்கரம் வழியாகவும், மற்றதிலிருந்து டெண்டர் சக்கரம் வழியாகவும் மின்சாரம் எடுப்பவை. டெண்டரின் பங்கு இணைப்புக் கம்பி வழியாக மோட்டாருக்கு வருகிறது. அந்தக் கம்பியின் துளையில் களிம்பு ஏறியிருந்தால் எஞ்சின் செத்ததுபோல் நிற்கும். மோட்டாரைக் குற்றம் சொல்லிக் கழற்றிவிட்டு, கடைசியில் ஒரு துளையைத் துடைப்பதில் முடிந்த கதைகள் இந்தப் பொழுதுபோக்கில் ஏராளம். வளைவில் மட்டும் நிற்கிறதென்றால் டெண்டரின் முன்பகுதி எஞ்சினின் கேபினில் உரசி ஷார்ட் ஆகிறது.

புது மோட்டார் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம். பழையது அதிக மின்சாரம் தின்னும், உறுமும். எனக்கு அந்த உறுமல் பிடிக்கும் என்பதால் நான் மாற்றவில்லை. டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறுவதானால், பழைய மோட்டாரில் ஒரு பிரஷ் பெரும்பாலும் உடற்சட்டத்தோடு இணைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிரிக்காமல் இணைத்தால், டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் டீகோடர் அந்த நொடியே புகையும். மாற்றினாலும் பழைய மோட்டாரை ஆர்மெச்சரோடு சேர்த்தே அந்த அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குகிறவர் என்னைப் போன்ற ஆளாக இருக்கலாம்.