பெட்டிக்குப் பூட்டு, போனுக்கு என்ன?



உம்றாவுக்குப் போகிறவரின் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறார்கள், கயிறு சுற்றுகிறார்கள், நான்கு பக்கமும் பெயர் எழுதுகிறார்கள். வட்ஸ்அப், ஈமெயில், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிற போனை மட்டும் திறந்த வீடாகக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கே ஏதாவது நடந்துவிட்டால், "கேட்ட உடனே கோட் நம்பரக் குடுத்தா இப்படித்தான் நடக்கும்" என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை.

இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கமாட்டோம். அடுத்தவர் கணக்கில் அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். குற்றவாளி நுழைந்தவன்தான், ஏமாந்த தாய் அல்ல. அவனுக்கு அடுத்ததாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள், அந்தத் தாய்க்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் விமானம் ஏற்றியவர்கள்.

திருட்டு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். திருடன் தன்னுடைய போனில் உங்கள் நம்பரைப் போட்டு வட்ஸ்அப்பைத் திறக்கப் பார்க்கிறான். ஆறு இலக்கக் கோட் ஒன்று உங்களுக்கு வருகிறது. உடனே, ஏற்கனவே அவன் கைப்பற்றிய உறவுக்காரர் ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி வருகிறது: "ராத்தா, என்ட கோட் பிழையா உங்கட நம்பருக்கு வந்துட்டு, ஒருக்கா அனுப்புங்க." தெரிந்த பெயர், தெரிந்த படம். அனுப்பினால் கணக்கு அவனுடையது. அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் குடும்பக் குழுமத்தில், "மக்காவில பேர்ஸ் தொலஞ்சிட்டு, இந்த எக்கவுண்டுக்குக் கொஞ்சம் சல்லி போடுங்க" என்று எழுதுகிறான்.

இதே பொய் நீங்கள் ஊரில் இருக்கும்போது அவ்வளவு எளிதில் பலிக்காது. அடுத்த வீட்டார் வந்து கதவைத் தட்டிக் கேட்பார்கள். பயணத்தில் இருக்கும்போது உள்ளூர் நம்பர் வேலை செய்யாது, நேரமும் இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம். நீங்கள் நாட்டில் இல்லை என்பதைக் கட்டுநாயக்கவில் எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டு நம் பிள்ளைகளே திருடனுக்கு அறிவித்தும் விடுகிறார்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்து போட்டால் நன்மை குறைந்துவிடுமா?

அடுத்தது சிம். ஜித்தாவில் இறங்கியதும் இலங்கை சிம்மைக் கழற்றி ஒரு கடதாசியில் சுற்றி வைக்கிறார்கள். வங்கிக் கோட் அந்த நம்பருக்குத்தான் வரும். கடதாசி தொலைந்தால் சொந்தப் பணத்துக்கே வழியில்லை. வீட்டு வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிற பெண்ணின் நிலை இன்னும் மோசம். நீண்ட நாள் பாவிக்காத நம்பரைத் துண்டித்துப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். அப்போது அவளுடைய கணக்கைத் திறக்கும் கோட் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். அந்தக் கணக்கில் பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, அவளுடைய படங்களும் இருக்கின்றன. ஊரில் ஒரு பெண்ணை மிரட்டுவதற்கு அது போதும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஏஜென்சிக்காரர்களிடமும் ஒரு கேள்வி. விண்ணப்பத்துக்கென்று ஈமெயில் திறக்கிறீர்கள். பாஸ்வேர்டை நீங்களே போடுகிறீர்கள், மீட்கும் நம்பராக உங்கள் நம்பரையே கொடுக்கிறீர்கள், ஆளை அனுப்பிய பிறகும் அதைக் கையளிப்பதில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை மேசன் வைத்துக்கொள்வதை யார் ஒப்புக்கொள்வார்? ஐம்பது பேர் இருக்கிற குழுமத்தில் பெண்களின் கடவுச்சீட்டுப் படங்களைப் போடச் சொல்வதும் இதே கவனயீனம்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அதையும் விடுங்கள், அமானிதம் என்ற சொல் உங்களுக்குத் தெரியும்தானே?

"வயசு போன ஆக்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்பார்கள். தவாபின் ஏழு சுற்றைப் பிசகாமல் எண்ணுகிறவருக்கு, நீண்ட துஆக்களை மனனம் செய்கிறவருக்கு, ஆறு இலக்கம் மட்டும் நினைவில் நிற்காதா? விளங்காமல் போவது சொல்லிக்கொடுக்க யாரும் உட்காராததால்தான். அறுபது வயது உம்மாமாருக்கு வகுப்பறையில் நாங்கள் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறோம். அரை மணித்தியாலம் போதும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வட்ஸ்அப் செட்டிங்ஸில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க பின் போடுங்கள். பிறந்த திகதியைப் போடவேண்டாம், அது கடவுச்சீட்டுப் பிரதியோடு பத்துப் பேர் கையில் இருக்கிறது. கோட் நம்பரை மகன் கேட்டாலும் எழுதி அனுப்பவேண்டாம், முதலில் அவர் குரலைக் கேளுங்கள். புறப்படும் முன்பே இலங்கை சிம்முக்கு ரோமிங்கை இயக்கி, இரண்டு சிம் போடும் போனில் அதையும் வைத்திருங்கள். கூகுள் கணக்கு பத்து மாற்றுக் கோட்களைத் தரும். அவற்றைத் தாளில் எழுதி ஒன்றை வீட்டில் வையுங்கள், ஒன்றைக் கொண்டுபோங்கள். சிம் இல்லாமலும் அவை வேலை செய்யும். ஹோட்டல் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம். டுபாயில் வட்ஸ்அப் அழைப்பு போகவில்லை என்பதற்காகக் கண்ட கண்ட இலவச விபிஎன்களைப் போனில் ஏற்றவேண்டாம். அதன் வழியே போவதெல்லாம் யார் கையில் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

இதைச் செய்ய யாருக்குக் கடமை? உம்றா வகுப்பில் இஹ்ராம் கட்டச் சொல்லிக்கொடுக்கிற குழுத் தலைவர்களுக்கு. புறப்படுமுன் பயிற்சி என்று நாட்கணக்கில் உட்காரவைக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிலையங்களுக்கு. வெளிநாட்டுக் காசை அனுப்புங்கள் என்று விளம்பரம் போட்டுவிட்டு, உள்ளூர் சிம்முக்கு மட்டும் கோட் அனுப்புகிற வங்கிகளுக்கு. ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கக்கூடிய பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு.

"எல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்த மாதம் உங்கள் வீட்டிலிருந்து யாராவது பயணம் போகிறார்களா? இன்று இரவே அவர் பக்கத்தில் உட்காருங்கள். போனை நீங்கள் வாங்கிச் செய்துவிடாமல், அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.